டான் அரோனோவ்

டான் அரோனோவ் என்று அறியப்படும் டொனால்ட் ஜோயல் அரோனோவ் (மார்ச் 3, 1927 – பெப்ரவரி 3, 1987) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த அதிவேக விசைப்படகு உற்பத்தியாளரும் கடற்படகுப் பந்தய வீரரும் ஆவார். ஃபார்முலா, டான்ஸி, மேக்னம், சிகரெட் ஆகிய புகழ்பெற்ற படகு நிறுவனங்களை இவர் தொடங்கினார். திறந்த கடலில் நடைபெறும் விசைப்படகுப் பந்தயங்களில் 1967, 1969 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலக வாகையர் பட்டம் வென்றார்.

பந்தயத்தில் வென்ற படகின் வடிவத்தையே பொதுமக்களுக்கும் விற்பது அரோனோவின் வணிக முறையாக இருந்தது. கரடுமுரடான கடலிலும் வேகம் குறையாமல் செல்லும் இவரது படகுகளைச் செல்வந்தர்களும் அரசத் தலைவர்களும் விரும்பி வாங்கினர். அதே பண்புகளுக்காகப் போதைப்பொருள் கடத்தல்காரர்களும், அவர்களைத் துரத்திய அரசுத் துறையினரும் இப்படகுகளை நாடினர். இவ்விரு தரப்பினருக்கும் நடுவில் நிகழ்ந்த ஒரு வணிகப் பேரத்தின் தொடர்ச்சியாகவே 1987 இல் அவர் கொல்லப்பட்டார் என்பது பின்னர் நடந்த வழக்கில் அரசுத் தரப்பு முன்வைத்த வாதமாகும்.

இளமைக் காலம்

அரோனோவ் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். இவரது பெற்றோர் உருசியாவிலிருந்து குடியேறிய யூதர்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது குடும்பம் பணநெருக்கடிக்கு உள்ளானது. புரூக்ளினின் தென்கோடியில் உள்ள ஷீப்ஸ்ஹெட் பே என்னும் கடற்கரைப் பகுதியில் இவர் வளர்ந்தார். அங்கு மீன்பிடி படகுகளும் உல்லாசப் படகுகளும் நிறைந்திருந்தன. மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலத்தில் (1920–1933) மதுக் கடத்தலுக்குப் பயன்பட்ட விரைவுப் படகுகளைப் பற்றிய கதைகளும் அப்பகுதியில் வழங்கி வந்தன. அக்கதைகளுள் ஒன்றே பிற்காலத்தில் இவரது மிகப் புகழ்பெற்ற படகுக்குப் பெயர் தந்தது.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் வணிகக் கப்பற்பணியில் சேர்ந்து கடற்பயணம் செய்தார். பின்னர் புரூக்ளின் கல்லூரியில் உடற்கல்வி பயின்றார். கால்பந்து, மற்போர், தடகளம் ஆகியவற்றில் கல்லூரி சார்பில் பங்கேற்றார். 1948 இல் ஷெர்லி கோல்டினை மணந்தார். இவர்களுக்கு மைக்கேல், டேவிட், கிளாடியா என மூன்று பிள்ளைகள்.

கட்டடத் தொழில்

கல்லூரிப் படிப்புக்குப் பின் நியூ ஜேர்சி மாநிலத்தில் கட்டடம் கட்டும் தொழில் செய்துவந்த தம் மாமனாரிடம் பணியில் சேர்ந்தார். 1950களின் முற்பகுதியில் தனியே நிறுவனம் தொடங்கினார். போருக்குப் பின் நியூ ஜேர்சியின் புறநகர்கள் விரைவாக வளர்ந்துகொண்டிருந்தன. வீடுகளும் கடைத்தொகுதிகளும் கட்டி, முப்பது வயதை எட்டும் முன்பே பெருஞ்செல்வரானார்.

1950களின் இறுதியில் தொழிலிலிருந்து விலகிக் குடும்பத்துடன் புளோரிடா மாநிலத்தின் மயாமி நகருக்குக் குடிபெயர்ந்தார். ஓய்வுக் காலப் பொழுதுபோக்காகவே படகோட்டத் தொடங்கினார். 1962 இல் தம் மகளின் பெயரைக் கொண்ட "கிளாடியா" என்னும் மரப்படகுடன் மயாமி – நாசோ பந்தயத்தில் கலந்துகொண்டார். அப்போட்டியே இவரது வாழ்வின் திசையை மாற்றியது.

ஆழ்ந்த வி வடிவப் படகு

அரோனோவின் பணியைப் புரிந்துகொள்ள அக்காலத்தில் படகு வடிவமைப்பில் ஏற்பட்ட மாற்றத்தை அறிவது தேவை. விரைவுப் படகு ஒன்று போதிய வேகத்தை எட்டியதும் நீரைக் கிழித்துச் செல்வதை விட்டு, நீரின் மேற்பரப்பில் எழுந்து சறுக்கி ஓடும். இதற்குத் தட்டையான அடிப்புறமே ஏற்றது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அமைதியான ஏரியில் இது பொருந்தும். அலை மிகுந்த கடலில் தட்டையான அடிப்புறம் ஒவ்வோர் அலையிலும் அறைந்து விழும். படகும் பயணிகளும் அந்த அதிர்ச்சியைத் தாங்க இயலாது என்பதால் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும்.

அமெரிக்க வடிவமைப்பாளரான ரேமண்ட் ஹண்ட் இதற்கு மாற்றுக் கண்டார். படகின் அடிப்புறத்தை ஆங்கில எழுத்தான "வி" போன்று கூர்மையாக அமைத்து, அந்தச் சரிவை முன்முனையிலிருந்து பின்முனை வரை குறைக்காமல் கொண்டுசென்றார். கிடைமட்டத்திலிருந்து அளக்கப்படும் இச்சரிவுக் கோணம் இத்தகைய படகுகளில் 24 பாகை அளவில் இருக்கும். அடிப்புறத்தில் நீளவாக்கில் அமைந்த சிறு முகடுகள் நீரை ஒதுக்கித் தள்ளிப் படகை மேலெழச் செய்தன.

1960 இல் நடந்த மயாமி – நாசோ பந்தயத்தில் கடல் மிகவும் கொந்தளிப்பாக இருந்தது. ஹண்டின் வடிவமைப்பில் உருவான, ரிச்சர்ட் பெர்ட்ராமுக்குச் சொந்தமான "மோப்பி" என்னும் படகு எளிதாக வென்றது. இரண்டாவதாக வந்த படகும் ஆழ்ந்த வி வடிவம் கொண்டதே. அதை ஓட்டியவர் ஜிம் வின். எஞ்சினைப் படகின் உள்ளேயும் உந்துவிசைப் பகுதியைப் பின்புறத்தின் வெளியேயும் வைக்கும் இயக்க முறையை உருவாக்கிய பொறியியலாளர் இவரே. அம்முறையை வால்வோ பென்டா நிறுவனம் 1959 இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. புளோரிடாவுக்கும் பகாமாசு தீவுகளுக்கும் இடையே வடக்கு நோக்கிப் பாயும் வளைகுடா நீரோட்டத்தை எதிர்த்து வடகாற்று வீசும்போது செங்குத்தான அலைகள் எழும். அத்தகைய கடலில் வென்ற படகைப் பிற இடங்களிலும் நம்பலாம் என்பது பந்தய வீரர்களின் எண்ணமாக இருந்தது.

தொடங்கிய நிறுவனங்கள்

அரோனோவ் படகு வடிவமைப்பை முறையாகப் பயின்றவர் அல்லர். வடிவமைப்பை வின், வால்ட் வால்டர்ஸ் போன்றோரிடம் ஒப்படைத்தார். உருவான படகைத் தாமே கடலில் ஓட்டிப் பார்த்து, குறைகளைக் கண்டு மாற்றச் செய்வது இவரது வழக்கம். ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, பந்தய வெற்றிகளால் அதற்குப் பெயர் தேடி, விலை உயர்ந்ததும் விற்றுவிட்டு, அதே தெருவில் அடுத்த நிறுவனத்தைத் தொடங்குவார். மயாமியின் வடகிழக்கு 188ஆம் தெருவில் இவரைப் பின்பற்றிப் பல படகுக் கட்டுநர்கள் குடியேறினர். அத்தெரு இடிப்படகு வரிசை என்னும் பொருள்படும் புனைபெயரால் அறியப்பட்டது.

* ஃபார்முலா (1962): வின், வால்டர்ஸ் ஆகியோரின் வடிவமைப்பில் வந்த 23 அடி (7 மீட்டர்) படகு இந்நிறுவனத்தின் அடையாளமாயிற்று. சிறிது காலத்திலேயே அரோனோவ் இதை விற்றார். இப்பெயரில் பின்னர் இந்தியானா மாநிலத்தில் படகுகள் தயாரிக்கப்பட்டன.

* டான்ஸி (1964): இப்பெயர் டான் என்னும் இவரது பெயரிலிருந்து பிறந்தது. 16 அடி, 18 அடி நீளமுள்ள சிறு விளையாட்டுப் படகுகள் இதன் சிறப்பு. 1965 இல் டெலிஃபிளெக்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

* மேக்னம் (1966): 27 அடிப் படகுடன் தொடங்கியது. இதன் படகுகளைக் கொண்டே 1967 இல் அரோனோவ் உலகப் பட்டம் வென்றார். 1968 இல் விற்கப்பட்டது.

* சிகரெட் (1970): மேக்னம் நிறுவனத்தை விற்றபோது, குறிப்பிட்ட காலத்துக்குப் போட்டித் தொழில் செய்வதில்லை என்னும் நிபந்தனை இருந்தது. எனவே 1969 இல் தம் புதிய 32 அடிப் பந்தயப் படகை நண்பர் ஒருவரின் கேரி மரைன் நிறுவனத்தின் வழியே வெளியிட்டார். ஷீப்ஸ்ஹெட் பேயில் மதுவிலக்குக் காலத்தில் பேசப்பட்ட ஒரு கடத்தல் படகின் நினைவாக அதற்குச் "சிகரெட்" எனப் பெயரிட்டார். அதன் வெற்றியே புதிய நிறுவனத்தின் பெயராகவும் ஆனது. 1980களின் தொடக்கத்தில் இதையும் விற்றார்.

பந்தய வாழ்க்கை

1960களில் கடற்படகுப் பந்தயம் உடலை வருத்தும் விளையாட்டாக இருந்தது. மணிக்கு 60 மைலுக்கு (சுமார் 97 கி.மீ.) மேற்பட்ட வேகத்தில் படகு அலையை விட்டெழுந்து காற்றில் பறந்து மீண்டும் நீரில் விழும். இருக்கையில் அமர்ந்து ஓட்டினால் முதுகெலும்பு பாதிக்கப்படும் என்பதால், ஓட்டுநர்கள் மெத்தை வைத்த தடுப்பில் சாய்ந்து நின்றபடி முழங்கால்களால் அதிர்ச்சியைத் தாங்கினர். ஒருவர் திசையைக் கவனிக்க, மற்றொருவர் எஞ்சினின் விசையைக் கட்டுப்படுத்துவார். படகு காற்றில் எழும் கணத்தில் விசையைக் குறைக்காவிட்டால், நீரின் எதிர்ப்பின்றி எஞ்சின் கட்டுமீறிச் சுழன்று பழுதாகும். அரோனோவுடன் பல பந்தயங்களில் உடன் சென்ற நாக்கி ஹவுஸ் என்னும் எஞ்சின் வல்லுநர் இவரது வெற்றிகளில் முக்கியப் பங்கு பெற்றவர்.

அரோனோவ் 1967 இலும் 1969 இலும் உலக வாகையரானார். இடைப்பட்ட 1968 இலும், பின்னர் 1970 இலும் இத்தாலியரான வின்செஞ்சோ பாலெஸ்திரியேரி அப்பட்டத்தை வென்றார். 1970 இல் மூத்த மகன் மைக்கேல் கார் விபத்தில் சிக்கி உடல் செயலிழந்தார். அதன் பின் அரோனோவ் தொழில்முறைப் பந்தயத்திலிருந்து விலகினார். அடுத்த ஆண்டுகளில் இவரது படகுகளை வாங்கியவர்களே பந்தயங்களை வென்றனர். மயாமியைச் சேர்ந்த கண் மருத்துவர் ராபர்ட் மகூன் சிகரெட் படகுகளை ஓட்டிப் பலமுறை அமெரிக்கப் பட்டம் பெற்றார்.

படகைத் தேர்ந்தெடுத்தல் பற்றிய உரிமையாளர் கருத்துகள்

அரோனோவ் உருவாக்கிய படகுகள் இன்றும் பழைய படகு ஆர்வலர்களால் வாங்கப்பட்டுப் புதுப்பிக்கப்படுகின்றன. அவற்றை வைத்திருப்போரின் பட்டறிவிலிருந்து சில பொதுவான கருத்துகள் உருவாகியுள்ளன.

முதலாவது, எட்டக்கூடிய உச்ச வேகத்தைவிடக் கொந்தளிப்பான கடலில் தொடர்ந்து காக்கக்கூடிய வேகமே முக்கியம் என்பது. அமைதியான நீரில் மட்டும் விரைந்து செல்லும் படகு, கரையிலிருந்து நெடுந்தொலைவில் காற்று திரும்பும்போது பயன்படாது. டான்ஸி 16 போன்ற சிறு படகுகள் ஏரிக்கும் உள்வாய்க்கும் ஏற்றவை. திறந்த கடலுக்கு நீளமான படகு வேண்டும். நீளம் கூடும்போது இரு அலை முகடுகளுக்கு இடையே படகு விழாமல் தாண்டிச் செல்கிறது.

இரண்டாவது, ஆழ்ந்த வி வடிவத்துக்குத் தர வேண்டிய விலை பற்றியது. கூர்மையான அடிப்புறம் அலையில் மென்மையாக இறங்கும். ஆனால் அதே வேகத்தை எட்ட அதற்குக் கூடுதல் எஞ்சின் ஆற்றலும் எரிபொருளும் தேவை. நின்ற நிலையில் பக்கவாட்டில் அதிகம் ஆடும். குறுகிய அகலமுள்ள சிகரெட் வகைப் படகுகளில் உள்ளறை தாழ்வாகவும் இறுக்கமாகவும் இருக்கும். எனவே குடும்பத்துடன் தங்கிச் செல்ல விரும்புவோர் ஃபார்முலா, மேக்னம் ஆகியவற்றின் அகன்ற படகுகளையும், ஓட்டும் இன்பத்தை மட்டும் நாடுவோர் சிகரெட்டையும் தேர்வது வழக்கம்.

மூன்றாவது, எஞ்சின் எண்ணிக்கை. ஓர் எஞ்சின் நின்றாலும் மற்றொன்றால் கரை சேரலாம் என்பதால் கடலுக்குச் செல்வோர் இரட்டை எஞ்சினை விரும்புகின்றனர். பராமரிப்புச் செலவும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பந்தயத்துக்காக ஆற்றல் கூட்டப்பட்ட பெட்ரோல் எஞ்சின்கள் விரைவில் தேய்ந்து, சில நூறு மணி நேர ஓட்டத்துக்குப் பின் பிரித்துச் சீரமைக்கப்பட வேண்டியிருக்கும். மிதமான ஆற்றலுள்ள எஞ்சினை நீண்ட காலம் வைத்திருப்பதே மேல் என்பது அனுபவமுள்ள உரிமையாளர் பலரின் முடிவாகும்.

நான்காவது, பழைய படகின் உள்நிலை. அக்காலக் கண்ணாடியிழைப் படகுகளில் அடிப்புறத்தைத் தாங்கும் நீள்சட்டங்களிலும் பின்தட்டிலும் மரம் பயன்படுத்தப்பட்டது. நீர் புகுந்து அம்மரம் உளுத்திருந்தால் வெளிப்பூச்சைக் கண்டு அறிய முடியாது. ஆகவே வாங்கும் முன் தட்டிப் பார்த்தும் ஈரப்பதம் அளந்தும் சோதிப்பது வலியுறுத்தப்படுகிறது.

கடத்தலும் காவலும்

1970களில் இலத்தீன் அமெரிக்காவிலிருந்தும் கரிபியன் பகுதியிலிருந்தும் புளோரிடாவுக்குப் போதைப்பொருள் கடத்தல் பெருகியது. பகாமாசின் பிமினித் தீவு மயாமியிலிருந்து சுமார் 50 மைல் தொலைவிலேயே உள்ளது. பெரிய கப்பல்களில் வந்த சரக்கு, தீவுகளின் அருகே விரைவுப் படகுகளுக்கு மாற்றப்பட்டு இரவோடு இரவாகக் கரைக்குக் கொண்டுவரப்பட்டது. நீர்மட்டத்துக்குச் சற்றே மேலெழும் தாழ்வான கண்ணாடியிழைப் படகுகள் ரேடாரில் எளிதில் புலப்படவில்லை. கடலோரக் காவல் கப்பல்களால் அவற்றைத் துரத்திப் பிடிக்கவும் இயலவில்லை. காலப்போக்கில் எந்த நிறுவனம் தயாரித்ததாயினும் இவ்வகைப் படகைச் சிகரெட் படகு என்றே அழைக்கும் வழக்கம் ஏற்பட்டது.

மறுபுறம், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் 1970களில் 28 அடிச் சிகரெட் படகு ஒன்றை வாங்கி அதற்கு "ஃபிடெலிட்டி" எனப் பெயரிட்டு, மேய்ன் மாநிலத்தின் கென்னபங்க்போர்ட்டில் பல ஆண்டுகள் ஓட்டினார். அரோனோவுக்கும் அவருக்கும் நட்பு ஏற்பட்டது. 1980களில் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த புஷ், தென் புளோரிடாவில் கடத்தலைத் தடுப்பதற்கான அரசின் சிறப்புப் பணிக்குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

இக்காலத்தில் அரோனோவ் யுஎஸ்ஏ ரேசிங் டீம் என்னும் புதிய நிறுவனத்தின் மூலம் அமெரிக்கச் சுங்கத் துறைக்காக "புளூ தண்டர்" என்னும் 39 அடி (சுமார் 12 மீட்டர்) இரட்டை உடல் படகுகளைத் தயாரித்தார். இரட்டை உடல் படகைக் குறிக்கும் கேட்டமரான் என்னும் ஆங்கிலச் சொல் தமிழின் கட்டுமரத்திலிருந்து பிறந்ததாகும். ஆயினும் தமிழகக் கடற்கரையின் கட்டுமரம் மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. இரு உடல்களைக் கொண்டதன்று. அகன்ற மேல்தளம் காவலர்கள் நின்று பணிபுரிய ஏற்றதாயிருந்தது. கடத்தல்காரர்களின் ஒற்றை உடல் படகுகளைத் துரத்தப் புளூ தண்டரின் வேகம் போதாது என்ற குறைபாடும் கூறப்பட்டது.

இவ்வாறு துரத்தியவரும் துரத்தப்பட்டவரும் ஒரே தெருவில் உருவான படகுகளைப் பயன்படுத்தினர். அரோனோவ் எந்தப் போதைப்பொருள் வழக்கிலும் தண்டிக்கப்பட்டவர் அல்லர். எனினும் ரொக்கப் பணத்துடன் வருவோரின் பின்னணியை ஆராயாமல் படகு விற்கும் வழக்கம் அத்தெருவில் பரவலாக இருந்தது. வாங்குபவரின் நோக்கத்துக்கு விற்பவர் எவ்வளவு பொறுப்பாவார் என்னும் கேள்வி இவரது வரலாற்றை எழுதிய பலராலும் எழுப்பப்பட்டுள்ளது.

கொலையும் வழக்கும்

1985 இல் அரோனோவ் யுஎஸ்ஏ ரேசிங் டீம் நிறுவனத்தைப் படகுப் பந்தய வீரரும் மயாமித் தொழிலதிபருமான பென் கிரேமருக்கு விற்றார். கிரேமர் பெருமளவில் மரியுவானா கடத்தியவர் என்பது பின்னர் நீதிமன்றத்தில் உறுதியானது. கடத்தலில் தொடர்புடையவரின் நிறுவனத்திடமிருந்து படகு வாங்கச் சுங்கத் துறை மறுத்ததால் அரோனோவ் நிறுவனத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இதையொட்டி இருவருக்கும் பணத்தகராறு ஏற்பட்டது என்று அரசுத் தரப்பு கூறியது.

1987 பெப்ரவரி 3 அன்று பிற்பகல், வடகிழக்கு 188ஆம் தெருவில் தம் காரில் அமர்ந்திருந்த அரோனோவ் மற்றொரு காரில் வந்தவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அறுபதாவது பிறந்த நாளுக்கு ஒரு மாதமே இருந்தது. தாம் உருவாக்கிய தெருவிலேயே அவரது வாழ்வு முடிந்தது.

வழக்கு நெடுநாள் துப்புத் துலங்காமல் இருந்தது. கிரேமர் 1988 இல் போதைப்பொருள் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றார். 1989 இல் உலங்கு வானூர்தி மூலம் மயாமிச் சிறையிலிருந்து தப்ப முயன்றபோது வானூர்தி சிறை வளாகத்திலேயே விழுந்ததால் பிடிபட்டார். சுட்டவராகக் குற்றம் சாட்டப்பட்ட பாபி யங் 1995 இலும், கொலைக்கு ஏற்பாடு செய்தவராகக் குற்றம் சாட்டப்பட்ட கிரேமர் 1996 இலும் குற்றச்சாட்டை எதிர்த்து வழக்காடுவதில்லை என்று நீதிமன்றத்தில் தெரிவித்தனர். அமெரிக்கச் சட்டத்தில் இது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. ஆயினும் தண்டனை விதிக்க இடமளிக்கும். இதனால் முழுமையான விசாரணை நடைபெறவில்லை. கொலையின் பின்னணி குறித்த பல விவரங்கள் வெளிவராமலே போயின.

தாக்கம்

கண்ணாடியிழைப் படகு ஓர் அச்சிலிருந்து வார்க்கப்படுவதால், ஒரு படகின் வெளிப்புறத்தையே அச்சாகக் கொண்டு அதைப் படியெடுப்பது எளிது. அரோனோவின் படகுகளின் வடிவங்களும் இவ்வாறு பலரால் படியெடுக்கப்பட்டன. இம்முறையைத் தடுக்கப் புளோரிடா 1983 இல் இயற்றிய சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989 இல் செல்லாததாக்கியது. 1998 இல் நாடாளுமன்றம் படகு வடிவங்களுக்கெனத் தனிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது.

188ஆம் தெருவின் படகுத் தொழிற்கூடங்கள் காலப்போக்கில் மறைந்து, அங்குக் குடியிருப்புக் கட்டடங்கள் எழுந்தன. அரோனோவின் வாழ்வையும் மரணத்தையும் பற்றி நூல்கள் வெளிவந்துள்ளன. இவரது கதையைத் தழுவி, ஜான் டிரவோல்டா நடித்த "ஸ்பீட் கில்ஸ்" என்னும் திரைப்படம் 2018 இல் வெளியானது. அதில் கதைமாந்தரின் பெயர் மாற்றப்பட்டிருந்தது.

கடலின் சோதனையில் வெல்லாத படகை விற்பதில்லை என்னும் நடைமுறையே கடற்படகுத் தொழிலுக்கு அரோனோவ் விட்டுச் சென்ற முதன்மையான பங்களிப்பாகக் கருதப்படுகிறது. அவர் தொடங்கிய ஃபார்முலா, டான்ஸி, மேக்னம், சிகரெட் ஆகிய நான்கு பெயர்களும் அவர் இறந்து பல ஆண்டுகள் கடந்த பின்னரும் படகுகளில் தொடர்ந்து இடம்பெற்றன.